அந்த வெள்ளைப் புள்ளி யார் நிலத்தில் இருந்தது?

31 வருடம் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடலூர் மாவட்டத்தில் நான் நட்ட கற்களுக்கும், தேடியும் கிடைக்காத கற்களுக்கும், பக்கத்து நிலத்துக்காரர் இரவோடு இரவாகப் பிடுங்கி நகர்த்திய கற்களுக்கும் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவனின் வயிற்றுக்குள் ஒரு சிறுநீரகக் கல் வந்தபோது அலுவலகமே சிரித்தது. "சர்வேயருக்கே கல் நட்டுவிட்டார்களா?" என்று ஒருவர் கேட்டார். வலி இல்லாத நேரமாக இருந்ததால் நானும் சிரித்துவைத்தேன்.

2012 மே மாதம் அது. முந்தைய டிசம்பர் 30ஆம் தேதி கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. வெயில் ஏறினால் வழக்கமாக முந்திரி மரத்தடியில் ஒதுங்குவோம். அந்தக் கோடையில் ஒதுங்க மரம் இல்லை. காலை 7 மணிக்குச் செம்மண்ணில் இறங்கினால் பகல் ஒரு மணி வரை வெட்டவெளிதான். ஒரு லிட்டர் தண்ணீரோடு போவேன், பாதியோடு திரும்புவேன். சிறுநீர் ஒரு நாளைக்கு மூன்றே தடவை, மஞ்சள் கிழங்கை உரைத்துக் கரைத்த நிறத்தில் போகும். அதற்கு உடம்புச் சூடு என்று பெயர் வைத்து, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலை 11 மணி இருக்கும். நிலம் அளக்கும் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகுத் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு பிடிப்பு. ஐந்தே நிமிடத்தில் அது ஈர வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்குவது போல ஆகிவிட்டது. உட்கார்ந்தேன், எழுந்தேன், வரப்பில் படுத்தேன், புரண்டேன். எப்படி இருந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. பிறகு வாந்தி. உதவியாளர் தம்பி என்னை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பண்ருட்டியில் ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அங்கே நோயைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்ல, வயதான செவிலியர் ஒருவர். நான் கட்டிலில் புரண்டதை வாசலில் நின்று பார்த்தார். "குடலில் ஓட்டை விழுந்தவர்கள் அசைந்தால் உயிர் போகும் என்று கட்டை மாதிரி கிடப்பார்கள் ஐயா. இப்படி ஒரு இடத்தில் இருக்க முடியாமல் தவிக்கிறவருக்குப் பெரும்பாலும் கல்தான்" என்றார். பிறகு எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன்; அவர் சொன்னது மருத்துவம் ஒப்புக்கொள்கிற அடையாளம்தான். இடுப்பில் ஓர் ஊசி போட்டார்கள். இருபது நிமிடத்தில் உலகம் திரும்பவும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் மஞ்சக்குப்பத்தில் சிறுநீரியல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது, அதிலிருந்து குழாய் இறங்கும் வாயில் 5 மில்லிமீட்டர் கல் ஒன்று அடைத்து நிற்கிறது என்றார். என் மனைவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அரிசியில் பொறுக்கிப் போடும் கல் அளவுகூட இல்லையே டாக்டர், இதற்கா இந்த அலறல்?" என்றாள். கல் குத்துவதால் அந்த வலி வருவதில்லை என்றார் அவர். வழி அடைபட்டதும் மேலே சிறுநீர் தேங்குகிறது. சிறுநீரகம் புடைத்து அதன் உறை இழுபடுகிறது. கீழே தள்ளிவிட வேண்டும் என்று குழாய் இன்னும் வேகமாகப் பிசைகிறது. அந்தப் புடைப்பும் பிசைவும்தான் வலி.

பிறகு மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, "நீங்கள் சர்வேயர், படம் போட்டால்தான் நம்புவீர்கள்" என்று சொல்லிக்கொண்டே வரைய ஆரம்பித்தார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சிறுநீரகம் நாம் இடுப்பு என்று தட்டிக் காட்டும் இடத்தில் இல்லை. அதற்கு மேலே, கடைசி விலா எலும்புகளின் மறைவில், குடலுக்கெல்லாம் பின்னால், முதுகுச் சதையோடு ஒட்டிக் கிடக்கிறது. 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், சுமார் 150 கிராம் எடை. வலது பக்கம் மேலே கல்லீரல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் கொஞ்சம் தாழ்வு. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், இந்த இரண்டுக்குமே போகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. நான் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நின்றால் அந்த ஒன்றரை, முக்காலாகிறது. கழிவு உப்போ அதே அளவுதான். முக்கால் லிட்டரில் கரைய இடமில்லாத உப்பு படிகமாகிறது. உப்பளத்தைப் பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்க்குச் சிறுநீர் நாளம் என்று பெயர். நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். பருமன் பேனா ரீஃபில் போல. அது வெறும் குழாய் அல்ல, தசை. நிமிடத்துக்குச் சில தடவை தானாகப் பிசைந்து சிறுநீரைச் சொட்டுச் சொட்டாகக் கீழே தள்ளுகிறது. நாம் படுத்திருந்தாலும் நடக்கும், தலைகீழாக நின்றாலும் நடக்கும்.

இந்த நாளத்தில் மூன்று இடுக்குகள். சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் வாய் முதலாவது. இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இதயத்திலிருந்து முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனி, கிட்டத்தட்டத் தொப்புள் மட்டத்தில், நான்காம் இடுப்பு முள்ளெலும்புக்கு முன்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் இடுப்பெலும்பின் விளிம்புக்கு வந்ததும் மறுபடி பிரிகிறது. ஒன்று தொடைக்கும் காலுக்கும் போகிறது. மற்றொன்று இடுப்புக் குழிக்குள் இறங்கி சிறுநீர்ப்பை, ஆண்களுக்குப் புராஸ்டேட், பெண்களுக்குக் கருப்பை, மலக்குடல் எல்லாவற்றுக்கும் பாய்கிறது. அந்தக் கவையின் மேல்தான் நம் நாளம் ஏறி இறங்கிக் குழிக்குள் போக வேண்டும். கீழே தமனி துடித்துக்கொண்டிருக்க, மேலே இந்த ரீஃபில் வளைந்து போகிறது. வளைவில் கல் நின்றுவிடுவதற்குக் கேட்கவா வேண்டும்? மூன்றாவது, சிறுநீர்ப்பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து நுழையும் இடம். இருப்பதிலேயே குறுகியது அதுதான். சாய்வாக நுழைவதற்குக் காரணம் இருக்கிறது. பை நிறைந்ததும் சுவர் அழுந்தி வாயை மூடிக்கொள்ளும். சிறுநீர் மேலே எதிர்த்து ஏறாது.

"கல் எங்கே நிற்கிறது என்று ஸ்கேன் சொல்வதற்கு முன்னால் உங்கள் வலி சொல்லிவிடும். எழுதி வையுங்கள்" என்றார். வலிக்கு மாத்திரையும், நாளத்தின் கீழ்ப்பகுதியைத் தளர்த்த இரவில் போட ஒரு மாத்திரையும் கொடுத்தார். இரவு மாத்திரை போட்டவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது, தலை சுற்றும். நான் எழுந்து, பீரோவில் முட்டிக்கொண்டேன். சிறுநீரைத் தேநீர் வடிகட்டியில் வடித்துக் கல்லைப் பிடித்துத் தரச் சொன்னார். வீட்டில் செய்தேன். வயலில் செய்யவில்லை. சட்டைப் பையில் தேநீர் வடிகட்டியோடு ஒரு சர்வேயர் புதருக்குப் பின்னால் போவதை உதவியாளர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்ற வெட்கம்தான். அந்த வெட்கத்துக்கு விலை பின்னால் கொடுத்தேன்.

பழைய அளவை நோட்டுப் புத்தகம் ஒன்றில் ஆள் உருவத்தின் முன்பக்கம், பின்பக்கம் வரைந்து தேதி போட்டுப் புள்ளி வைத்தேன். முதல் நான்கு நாள் முதுகில். ஐந்தாம் நாள் விலாவைச் சுற்றி முன்னால் வந்தது. எட்டாம் நாள் அடிவயிற்றின் இடது ஓரம். இதே வலி வலது பக்கம் வந்திருந்தால் குடல்வால் என்று சந்தேகப்பட்டிருப்பார்கள் என்றார் மருத்துவர். நடுவில் விரையில் ஒரு இழுப்பு. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அங்கே வேறு ஏதோ வந்துவிட்டது என்று இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன். சொன்ன பிறகு அவர் கொடுத்த விளக்கம் இது: கருவில் விரை உருவாவது சிறுநீரகத்தின் பக்கத்தில். பிறகுதான் அது கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் ரத்தக் குழாயையும் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் அதன் தமனி இன்றும் சிறுநீரகத் தமனிக்குச் சற்றுக் கீழே பெருந்தமனியிலிருந்து புறப்படுகிறது. குடி பெயர்ந்து வந்தாலும் பட்டா பழைய ஊரில். மேலே அடித்தால் கீழே வலிக்கத்தான் செய்யும். ஆண்கள் இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விரையில் மட்டும் திடீரென்று கடும் வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம், அதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது.

பதினான்காம் நாள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சிறுநீர் முட்டியது. போனால் நாலு சொட்டு. மூன்றாம் இடுக்குக்கு வந்துவிட்டது என்று புரிந்தது. பையின் அடித்தளத்தில் நாளங்கள் திறக்கும் அந்த இடம் உரசப்படும்போது, பை நிறைந்துவிட்டது என்றே மூளைக்குத் தகவல் போகிறதாம். பதினாறாம் நாள் எல்லாம் நின்றுவிட்டது. வலியே இல்லை. கல்லும் கையில் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் போக வேண்டிய நேரத்தில் எங்கள் மருத்துவர் வெளியூரில் இருந்தார். வேறோர் இடத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது பக்கம், இடுப்புக் குழியின் அடியில், மிளகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. "கல் போகவில்லை, பையின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கே உள்ளே கருவி விட்டு எடுத்து, நாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்துவிடலாம்" என்றார்கள். வலியே இல்லையே என்றேன். வலி இல்லாமலே அடைத்துக்கொண்டு சிறுநீரகம் கெட்டுப்போகும் என்றார்கள். அது பொய் இல்லை. வலி நின்றதைக் கல் போனதற்கு ரசீதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுபடி ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். என் மனத்தாங்கல் வேறு. சிறுநீரகத்தின் வீக்கம் இருக்கிறதா, வடிந்ததா என்று ஒரு ஸ்கேன்கூடப் பார்க்காமல், ஒரே ஒரு புள்ளியை வைத்துத் தேதி குறித்துவிட்டார்களே என்பதுதான்.

வீட்டுக்கு வந்து படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன், "அப்பா, கிரகணம் பார்த்த படத்திலும் இப்படி ஒரு புள்ளி இருந்ததே" என்றான்.

2007இல் கோண்டூர் அருகே மணலில் வண்டி சறுக்கி விழுந்தபோது இடுப்புக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. படத்தைப் பரண்மேல் போட்டுவிட்டேன். 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், சூரிய கிரகணம் வந்தபோது தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கோர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார்கள். என் மகனும் ஓடினான். (எக்ஸ்ரே படம் கண்ணைக் காப்பாற்றாது, அதை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. அன்று எங்களுக்கு அது தெரியவில்லை.) பரணில் தேடி எடுத்தோம். ஓரம் சுருண்டு, பல்லி எச்சத்தோடு இருந்தது. ஐந்து வருடப் பழைய படத்தில், அதே இடத்தில், அதே அளவில், அதே வெள்ளைப் புள்ளி.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எல்லைத் தகராறு என்றால் முதலில் நிலத்தில் இறங்கக் கூடாது. அந்த நிலத்தின் அளவு வரைபடமான பழைய புலப்படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தை என் சொந்த உடம்புக்கு ஒரு பையன் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

இரண்டு படங்களையும் சுருட்டிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினேன். கடலூரிலிருந்து கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போகும் அந்தச் சாலையை என் தொழில்காரர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள். இந்தப் பக்கத்தில் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒரே கோட்டில் பிரிவதில்லை. துண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி. கிணறு இங்கே, வாய்க்கால் அங்கே. மேலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே பச்சை வயல்தான்.

கதிரியல் மருத்துவர் ஓர் அம்மையார். இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அரை நிமிடம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "ஐந்து வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கல் போன மாதம் முதுகில் எப்படி வலிக்கும்? இது உங்கள் கல் இல்லை ஐயா. பக்கத்து வீட்டுக்காரருடையது."

ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாம், அதில் சந்தேகம் தீரும் என்றார். எடுத்த பிறகு திரைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவில்லை. மேலிருந்து கீழாக உடம்பை வெங்காயம் அரிவது போல அரிந்து காட்டிக்கொண்டே வந்தார். இதோ சிறுநீரகம், வீக்கம் வடிந்துவிட்டது. இதோ நாளம், இந்தச் சின்ன வட்டம். கண் எடுக்காமல் இதையே பார்த்துக்கொண்டு வாருங்கள். இதோ பெருந்தமனி இரண்டாகிறது. அதன் வலக் கிளை, இடது காலிலிருந்து வரும் பெரிய சிரையைக் குறுக்கே அழுத்திக்கொண்டு போகிறது பாருங்கள். காலில் ரத்தம் உறைகிறவர்களுக்கு இடது காலிலேயே அதிகம் உறைவதற்கு இது ஒரு காரணம். இதோ கவை, நாளம் மேலேறுகிறது. இப்போது குழிக்குள் இறங்குகிறது. இதோ பைக்குள் நுழைந்துவிட்டது. வழியில் கல் ஏதாவது பார்த்தீர்களா?

"இல்லை" என்றேன்.

இன்னும் இரண்டு துண்டு கீழே போனார். பைக்கும் புராஸ்டேட்டுக்கும் பக்கத்தில் புழு நெளிவது போல ஒரு கூட்டம். அதன் நடுவில் பளிச்சென்று அந்தப் புள்ளி. "இது சிரைப் பின்னல். இடுப்புக் குழியின் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழி. இங்கே ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும். எப்போதோ துளி ரத்தம் உறைந்து சுவரோடு ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. ஃப்ளெபோலித் என்போம், சிரைக்கல். நாற்பதைத் தாண்டியவர்களின் படங்களில் அடிக்கடி பார்க்கிறோம். ஒன்றும் செய்யாது."

எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே தளத்தில் அழுத்திக் காட்டுகிறது. முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது என்ற பேதம் அதற்குத் தெரியாது. நாளமும் சிரையும் இரண்டு விரல் இடைவெளியில் போகும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி எந்த வரப்புக்கு எந்தப் பக்கம் என்று அதில் சொல்வது கடினம். நன்றாக உருண்டையாக, நடுவில் சற்று வெளிறி, குழியின் அடியில் இருந்தால் சிரைக்கல் என்று ஊகிப்பார்கள், ஊகம்தான். நான் பஸ்ஸில் வந்த வழியின், பாகூர்ப் பக்கத்து எல்லைக் குழப்பத்தைச் சொன்னேன். "சரியாகச் சொன்னீர்கள், சக்குபந்தி பார்க்காமல் பத்திரம் எழுதக் கூடாது" என்றார் அந்த அம்மா. சக்குபந்தி என்றால் நான்கு பக்க எல்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு நான்கும் தெரிந்தால்தான் அது என் கல்லா, அண்டை நிலத்துக் கல்லா என்று தெரியும்.

மனைவிக்கு இன்னும் பயம் போகவில்லை. "ரத்தக் கட்டி என்கிறீர்களே, நகர்ந்து இதயத்துக்குப் போய்விடாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. காலின் ஆழ்ந்த சிரையில் புதிதாக உறையும் கட்டிதான் அப்படிக் கிளம்பிப் போகும்; ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றே ஓட வேண்டும். இது பழையது, சுண்ணாம்பாகிச் சுவரோடு சுவராகிவிட்டது, எங்கும் போகாது என்று பதில் வந்தது. அறுவை இல்லை, ஸ்டென்ட் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து என்னிடம் யார் கல் என்று வந்தாலும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பழைய படம், பழைய ரிப்போர்ட் எதையும் எறியாதீர்கள். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் கேளுங்கள்: கல் நாளத்துக்குள்தான் இருக்கிறது என்று எதில் தெரிந்தது? சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா? எத்தனை மில்லிமீட்டர்? 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். 10ஐத் தாண்டினால் தானாகப் போவது அரிது. இந்தக் கேள்விகளுக்கு நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்வதில்லை.

ஸ்டென்ட் வைக்க வேண்டியிருந்தால் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், அதில் பயம் வேண்டாம். ஆனால் எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதுங்கள். என் மைத்துனர் வலி போய்விட்டது என்று அதை மறந்தே போனார். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது குழாயின் இரு முனையிலும் கல் படிந்து, கல்லை எடுப்பதைவிட அதை எடுப்பது பெரிய வேலையாகிவிட்டது.

வலியைப் பொறுக்கலாம், காய்ச்சலைப் பொறுக்கக் கூடாது. கல் வலியோடு குளிர்நடுக்கம் வந்தால் அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள்; விடியட்டும் என்று இருந்தால் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் அறவே வரவில்லை, ஒரே சிறுநீரகம்தான் உண்டு, கர்ப்பமாக இருக்கிறார் என்றாலும் அப்படியே. அறுபது வயதைத் தாண்டியவருக்கு, அதிலும் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கல் வலி போல வந்தால், அது கல்லாக இல்லாமல் பெருந்தமனி புடைத்துக் கசிவதாகவும் இருக்கலாம் என்று புதுச்சேரி அம்மா எச்சரித்தார். வலி ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

கைமருந்துக்கு வருகிறேன். கடலூர்க்காரனுக்குக் கல் என்றால் பத்தில் ஆறு பேர் சொல்லும் வைத்தியம், "பாண்டிக்குப் போய் இரண்டு பீர் குடி." சிறுநீர் கூடுதலாகப் போகும், உண்மைதான், பிறகு உடம்பு வறண்டு முன்பைவிடக் கெட்டியாகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் கல்லைத் தள்ளாது, அடைத்த பக்கத்தில் அழுத்தம்தான் ஏறும். வாழைத்தண்டு, சிறுபீளைக் கஷாயம் எல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தது. வாழைத்தண்டுப் பொரியல் எனக்குப் பிடிக்கும், அதனால் குறை சொல்ல மாட்டேன். உருவான கல்லை அது கரைத்துவிடும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

வலி இல்லாத நாட்களில் குடிக்கும் தண்ணீர்தான் வேலை செய்கிறது. எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எவ்வளவு வெளியே போகிறது என்பதைப் பார்க்கச் சொன்னார்கள்: ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர். எங்கள் ஊர் வெயிலில் வியர்வைக்கும் சேர்த்து மூன்றரை, நான்கு லிட்டராவது குடித்தால்தான் அது நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பிளாஸ்டிக் குடுவையில் அளந்து பார்த்தேன், 900 மில்லி. அளக்கிற தொழிலில் இருந்தவனுக்கு அது அவமானமாக இருந்தது. இரவு படுக்கும் முன் ஒரு டம்ளர், நடு இரவில் எழுந்தால் இன்னொன்று. இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் இதைப் பின்பற்றாமல் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு சின்னக் கல் வந்தது. இந்தத் தடவை வடிகட்டி சட்டைப் பையில் இருந்தது, யார் சிரித்தாலும் பரவாயில்லை என்று. பரிசோதனையில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. கால்சியம் என்றதும் மனைவி பாலையும் மோரையும் நிறுத்தப் பார்த்தாள். மருத்துவர் தடுத்தார். சாப்பாட்டோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது. மோரை நிறுத்தினால் ஆக்சலேட் அதிகமாக ரத்தத்தில் ஏறிக் கல் கூடும். குறைக்க வேண்டியது உப்பு. கடலூர் முதுநகர்க் கருவாட்டுக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் விடை கொடுத்தது எனக்கு அறுவையைவிடப் பெரிய கஷ்டம். எலுமிச்சை குற்றவாளி இல்லை, அதைச் சாறாகப் பிழிந்து உப்பில்லாமல் குடிக்கலாம், நல்லது. முந்திரிதான் மாட்டிக்கொண்டது. நிலம் அளக்கப் போன வீட்டில் எல்லாம் ஒரு கை முந்திரி கொடுப்பார்கள்; மறுத்தால் மனம் கோணும்; மென்றுகொண்டே அளப்பேன். அதில் ஆக்சலேட் அதிகம். நாலைந்து பருப்போடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். முழுக்க நிறுத்தியதாகப் பொய் சொல்ல மாட்டேன்.

2016இல் நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் அக்காவுக்குக் கருப்பையை எடுக்க வேண்டி வந்தது. அறுவைக்கு முன்னால் மருத்துவரிடம், "கருப்பைத் தமனிக்கு அடியில்தானே சிறுநீர் நாளம் போகிறது?" என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பெண்களுக்குக் கருப்பையின் கழுத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, தமனி மேலேயும் நாளம் கீழேயுமாகக் குறுக்கிட்டுக் கொள்கின்றன. பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். தமனியைக் கட்டும்போது கீழே இருக்கும் நாளமும் கட்டுக்குள் சிக்கிவிடாமல் பார்ப்பதுதான் அந்த அறுவையின் முக்கியக் கவனம் என்றார். அறுவைக்குப் பிறகு விலாப் பக்கம் வலி, காய்ச்சல், கீழே ஓயாத நீர்க்கசிவு இருந்தால் தையல் வலி என்று சும்மா இருக்காமல் உடனே வரச் சொன்னார். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "என் வயிற்றுக்கும் புலப்படம் போட்டுவிட்டாயா தம்பி?" என்றாள்.

சிரைக்கல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. போன வருடம் முதுகுவலிக்கு எடுத்த படத்திலும் பார்த்தேன். நூல் அளவும் நகரவில்லை. நான் நட்ட எத்தனையோ எல்லைக்கற்கள் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. இரண்டாவது கல் ஒரு ஹோமியோபதி மருந்துப் புட்டியில் பருத்தியோடு பத்திரமாக இருக்கிறது. அத்தனை ஆர்ப்பாட்டம் செய்த முதல் கல்லைத்தான் காணோம். பண்ருட்டிக்கு மேற்கே ஏதோ ஒரு சர்வே எண்ணில், உட்பிரிவு தெரியாத ஒரு புதருக்குப் பின்னால், அளவுப் புத்தகத்தில் ஏறாமல் கிடக்கிறது.